பின்கால் வராத நாய்க்கு வண்டி: கல்லடி மணலில் பாவித்த அனுபவம்

வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் பெட்டியில் வந்தபடியே பூட்டி எங்கள் மட்டக்களப்புக் கல்லடி மணலில் விட்டால் ஓடாது. சக்கரத்தை மாற்ற வேண்டும், பட்டிகளைத் திரும்பத் தைக்க வேண்டும். அந்த இரண்டும் செய்த பிறகு கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது.

பின்னங்கால்கள் செயலிழந்த நாய்களுக்கான இரண்டு சக்கர வண்டியைத்தான் சொல்கிறேன். அலுமினியக் குழாயில் செய்த சட்டம். நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் கூட்டிக் குறைக்கலாம். இடுப்பைத் தாங்க ஒரு இருக்கைப் பட்டி, நெஞ்சையும் தோளையும் பிடிக்க வேறு பட்டிகள், பின்பாதங்கள் நிலத்தில் உரசாமல் தூக்கி வைக்க இரண்டு வளையங்கள். பெட்டியில் கம்பனிப் பெயர் எதுவும் இருக்கவில்லை. முகநூலில் விற்கிற கொழும்புக் கடை ஒன்றில் எடுத்தோம். கொரியர் கூலியோடு 20,000 ரூபாவைத் தாண்டியது. தையலில் சீவிக்கிற எனக்கு அது சின்னக் காசு இல்லை. அதனால்தான் விபரமாக எழுதுகிறேன், அடுத்தவர் யோசித்து எடுக்கட்டும் என்று.

எங்கள் நாயின் பெயர் பிறவுணி, ஊர் நாய்தான். நிறை 14 கிலோ. பெரிய றோட்டை, அதுதான் ஏ4 வீதியை, கடக்கும்போது மோட்டார் சைக்கிள் ஒன்று இடுப்பில் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. முதுகில் அடிபட்ட நாயை வளைத்துத் தூக்கக் கூடாது. நான் துணி வெட்டும் பலகையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதில் மெதுவாக இழுத்து ஏற்றி, பழைய சாரியால் கட்டி, ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம்.

அங்கே நடந்த ஒன்றை எழுத வேண்டும், ஏனென்றால் வண்டி வாங்குவது பற்றிய முடிவே அதில்தான் இருக்கிறது. டொக்டர் வயதில் என் மகளை விடக் கொஞ்சம் பெரியவள்தான் இருப்பார். பின்பாதத்து விரல் எலும்பை இடுக்கியால் இறுக்கினார். கால் சட்டென்று மடங்கியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அன்ரி, காலைப் பார்க்காதீங்க, முகத்தைப் பாருங்க" என்றார். பிறவுணி என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். முனகவும் இல்லை, காலைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. கால் மடங்குவது முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதி தன்பாட்டில் செய்கிற வேலையாம். வலி மூளை வரைக்கும் போனால்தான் நாய் திரும்பிப் பார்க்கும், கத்தும், கடிக்க வரும். அந்த ஆழமான வலி தெரிந்திருந்தால் உடனடியாகப் பேராதனை மிருக வைத்திய பீடத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, சத்திரசிகிச்சை பற்றி யோசித்திருக்கலாம் என்றார். இவ்வளவு பலமாக அடிபட்டு அது தெரியாமல் போனால் திரும்ப நடப்பது மிகவும் அரிது. ஆகவே வண்டி எங்களுக்குத் தற்காலிக ஏற்பாடு இல்லை. இனி எப்போதைக்கும் அதுதான் அவளுக்குக் கால். நீங்கள் வாங்குவதற்கு முதல் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கொஞ்சமாவது கால் வரக்கூடிய நாய்க்குப் பாதம் நிலத்தில் தொடும்படி வண்டியைப் பதித்து வைக்க வேண்டும், அப்போதுதான் கால் பழகும். வராத நாய்க்குப் பாதத்தை வளையத்தில் தூக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தார் றோட்டு தோலைச் சீவி எடுத்துவிடும்.

பக்கத்து வளவு பெரியம்மா அந்த நாட்களில் ஒருநாள் வேலியடியில் நின்று, "ஏன் மனெ இந்தப் பாடு? ஊசி போட்டு விட்டா அதுக்கும் நிம்மதிதானே" என்றா. கெட்ட மனதோடு சொல்லவில்லை. நானும் அதை டொக்டரிடம் கேட்டுத்தான் இருந்தேன். வேதனையில் துடிக்கிற, சாப்பிடாமல் ஒடுங்கிப் போகிற நாய் என்றால் அது வேறு கதை என்றார். பிறவுணி சோறும் மீனும் வைத்தால் கோப்பையை நக்கி முடிக்கிறாள். கேற் சத்தம் கேட்டால் முன்கால் இரண்டாலும் உடம்பை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். வால் ஆடாது, அதற்கும் உணர்வு இல்லை. சந்தோஷம் எல்லாம் காதில்தான் தெரியும்.

சரி, பொருளுக்கு வருகிறேன். முதல் குறை அளவு அட்டவணை. கடைக்காரர் நாயின் நிறையையும் இனத்தையும்தான் கேட்டார்கள். அட்டவணையில் லாப்ரடோர், பொமேரியன் என்று எழுதி அதற்கு நேரே சின்னது, நடுத்தரம், பெரியது என்று போட்டிருந்தது. எங்கள் ஊர் நாய்க்கு நெஞ்சு இறங்கியிருக்கும், வயிறு ஒட்டியிருக்கும், கால் நீளம். அதே நிறையுள்ள வெளிநாட்டு நாயோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று அங்குலம் உயரம். நிறையை மட்டும் பார்த்து எடுத்தால் வண்டி பதிந்துபோய் நாய் பின்பக்கம் குந்தியதுபோல நிற்கும்.

முக்கியமான அளவு ஒன்றுதான். பின்தொடை வயிற்றோடு சேர்கிற இடத்தில் தோல் மடிப்பு ஒன்று இருக்கும். அந்த மடிப்பிலிருந்து பாதம் வரைக்கும் உள்ள உயரம். நிற்க முடியாத நாயை எப்படி அளப்பது என்று யோசிக்க வேண்டாம். பக்கவாட்டில் படுக்க வைத்து, பின்காலை நிற்கும்போது இருக்கிற மாதிரி மெதுவாக நீட்டிப் பிடித்து, தையல் அளவு நாடாவால் அளக்கலாம். அப்புறம் ஒருவர் வயிற்றுக்குக் கீழே துவாயைக் கொடுத்துத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் இன்னொருமுறை அளக்க வேண்டும். அதோடு இடுப்பின் அகலம், முன்கால் முழங்கையிலிருந்து பின்தொடை வரைக்கும் உள்ள நீளம், நெஞ்சுச் சுற்றளவு. இவற்றை நான் கடதாசியில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். அவர்கள் அதைப் பார்க்காமல் 14 கிலோவுக்கு நடுத்தரம் என்று அனுப்பிவிட்டார்கள். நல்லகாலம், உயரத்தைக் கடைசித் துளை வரைக்கும் கூட்டியதும் பொருந்தியது. இன்னும் ஒரு அங்குலம் உயரமான நாய் என்றால் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். பூட்டும் முறை பற்றிய தாளில் படம் மட்டும்தான், அதுவும் மங்கல். மருமகன்தான் அலன் கீயோடு நிலத்தில் குந்தி இருந்து பூட்டித் தந்தான். போன் பண்ணினால் எடுப்பார்கள், மரியாதையாகவும் கதைப்பார்கள், ஆனால் வண்டியைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இனிப் பட்டிகள். இதில் நான் கொஞ்சம் கூடவே சொல்வேன், என் தொழில் அது.

வந்த பட்டிகள் நைலோன் நாடா. ஓரம் மடித்துத் தைக்காமல் நெருப்பில் காட்டி விட்டிருந்தார்கள். அந்த விளிம்பு கட்டியாகி, விரலால் தடவினால் கீறும். சாதாரண நாய்க்கு அது உறுத்தும், விலகும், கடித்து எடுத்துவிடும். பிறவுணிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. தோல் கிழிந்து இரத்தம் வந்தாலும் அவள் பாட்டுக்கு ஓடுவாள். அதனால் உடம்பில் படுகிற ஒவ்வொரு விளிம்பையும் நான் என் உள்ளங்கை உட்பக்கத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். எனக்கு உறுத்தியது எதையும் அவளுக்குப் போடவில்லை. இருக்கைப் பட்டியை முழுவதும் பிரித்தேன். உள்ளே இருந்த ஸ்பொஞ்ச் தடிப்பாக இருந்தது, ஆனால் ஈரத்தை உறிஞ்சுகிறது. சிறுநீர் பட்டால் காயாது, பிறகு மணக்கும், தோல் வெந்துபோகும். அதற்குப் பதிலாகக் குளியலறைச் செருப்புச் செய்கிற மாதிரியான, தண்ணீர் உறிஞ்சாத றப்பர் ஸ்பொஞ்ச் தாளை வெட்டி வைத்து, வெளியே மெல்லிய ரெக்சின், தோலில் படுகிற பக்கம் பழைய பெனியன் துணி என்று தைத்தேன். பெனியன் துணியைத் தனி உறையாக வெல்குரோவில் ஒட்டும்படி வைத்ததால் தினமும் கழற்றித் தோய்க்கலாம். அப்படி மூன்று உறை இருந்தால் மாரி காலத்திலும் சமாளிக்கலாம்.

நெஞ்சுப் பட்டியின் கொக்கி முன்கால் கக்கத்தில் வந்து முட்டியது. அதையும் முதுகுப் பக்கம் மாற்றினேன். தையல் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், பையும் பாடசாலை பாக்கும் தைக்கிற யாரிடம் கொடுத்தாலும் செய்வார்கள். சொல்ல வேண்டியது ஒன்றுதான்: கனத்த மூட்டுத் தையல் எதுவும் தோல் பக்கம் வரக் கூடாது.

சக்கரம்தான் பெரிய பிரச்சினை. கூட வந்தவை 8 அங்குலச் சக்கரங்கள். ஸ்பொஞ்ச் மாதிரியான பொருளில் வார்த்தவை, விளிம்பு ஒல்லி. வீட்டுச் சீமெந்து நிலத்திலும் தார் றோட்டிலும் பிறவுணி பறந்தாள். ஆனால் நாங்கள் இருப்பது கடற்கரைப் பக்கம். கேற்றைத் தாண்டினால் மணல் ஒழுங்கைதான். அதில் இறங்கியதும் சக்கரம் உருளாமல் உழுதுகொண்டு போனது. அவள் முன்கால்களால் இழுக்க இழுக்கத் தோள் நடுங்கியது. பின்கால் இல்லாத நாய்க்கு முன்காலும் தோளும்தான் முழுச் சொத்து. அவற்றைக் கெடுக்கிற வண்டி எனக்கு வேண்டாம்.

காத்தான்குடியில் சைக்கிள் திருத்துகிற காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவரிடம் போனேன். நாயைக் கூட்டிப் போகவில்லை. வண்டியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவிட்டு, அளவுகளை எழுதிய கடதாசியோடு கொண்டுபோனேன். அவர் முதலில் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், பிறகு கேட்ட கேள்வியிலேயே ஆளுக்கு வேலை தெரியும் என்று விளங்கியது. "தங்கச்சி, பாரம் அச்சுக்கு முன்னால நிக்குதா, மேலேயே நிக்குதா?" என்றார். அந்தக் கேள்விக்கு விளக்கம் சொல்கிறேன். சக்கர அச்சு இடுப்புக்குப் பின்னால் தள்ளி இருந்தால் உடம்பின் பாரம் கூடுதலாக முன்கால்களில் விழும். அச்சை முன்னே நகர்த்தினால் முன்பக்கம் இலேசாகும், அளவுக்கு மேல் நகர்த்தினால் நாய் பின்னால் சரியும். பூட்டிய பிறகு தோள்பட்டிக்குக் கீழே இரண்டு விரலைக் கொடுத்துப் பார்த்தால், அழுத்தவும் கூடாது, மேலே இழுக்கவும் கூடாது. அதுதான் சரியான இடம்.

அவர் சின்னப் பிள்ளைகளின் சைக்கிளுக்குப் போடுகிற சக்கரத்தை எடுத்தார். டயரில் 12½ × 2¼ என்று அச்சடித்திருக்கும், எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும் அளவு. கம்பி வைத்ததை விட்டு, பிளாஸ்டிக் றிம் உள்ளதைத் தெரிந்தார், அதுதான் பாரம் குறைவு. நடுவில் இரண்டு பக்கமும் போல் பேரிங் வைத்து, நீளமான போல்ற்று ஒன்றைச் செலுத்திச் சட்டத்தில் இறுக்கினார். 8 அங்குலம் இருந்த இடத்தில் பன்னிரண்டரை வந்தால் அச்சு இரண்டே கால் அங்குலம் உயரும் என்பதால், சட்டத்தின் காலில் அந்த இரண்டே காலையும் வெட்டிக் குறைத்துத் துளை போட்டார். இதைச் செய்யாமல் சக்கரத்தை மட்டும் மாற்றினால் நாயின் இடுப்பு மேலே தூக்கி, தலை கீழே போய்விடும். முதுகு நிலத்துக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். கூலியும் சாமானும் சேர்த்து நியாயமான காசுதான் எடுத்தார். பழைய சக்கரங்களையும் வெட்டிய துண்டுகளையும் பொட்டலமாகக் கட்டித் தந்தார், தார் றோட்டு மட்டும் உள்ள இடத்துக்குப் போனால் உதவுமாம்.

டயருக்குக் காற்றை இறுக்கி அடிக்கக் கூடாது. பெருவிரலால் அமத்தினால் நன்றாக அமிழ வேண்டும். அப்போது டயர் அகன்று மணலின் மேலே நிற்கிறது. அன்று பின்னேரம் பிறவுணியை ஒழுங்கையில் விட்டதும் முதலில் நின்று திரும்பிச் சக்கரத்தை மணந்து பார்த்தாள். பிறகு கடல் பக்கம் போனாள். நான் பின்னால் ஓட வேண்டி வந்தது. வலை காயப்போட்டிருந்த மீன்காரப் பொடியன்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் மட்டும், "அன்ரி, விழுந்திடப் போகுது, பிடியுங்க" என்று கூடவே ஓடி வந்தான். அலை வந்து நனைத்து இறுகிய மணலில் அவளைப் பிடிக்க முடியாது. காய்ந்த மணலில் இப்போதும் கஷ்டப்படுகிறாள், ஆனால் போவாள்.

இந்த மாற்றத்தால் அகலம் கூடிவிட்டது. கேற்றை அரைவாசி திறந்து வைத்தால் சக்கரம் தூணில் மாட்டும். அவளுக்குத் தன் பின்பக்கம் எவ்வளவு அகலம் என்று இன்னும் பிடிபடவில்லை. வேகமாகத் திரும்பினால் பிரளவும் கூடும். ஆகவே தனியாக விடுவதில்லை.

நேரம் பற்றியும் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியில் நாய் படுக்க முடியாது. இதை வாங்குபவர்கள் பலர் யோசிப்பதில்லை. தொடங்கும்போது ஐந்து பத்து நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். இளைத்தால், நின்றுகொண்டே தலையைத் தொங்கப் போட்டால் கழற்றிவிட வேண்டும். எங்கள் வெயிலுக்குக் காலையில் ஏழு மணிக்கு முன்னும் பின்னேரம் ஐந்துக்குப் பிறகும்தான். கழற்றியதும் பட்டி பட்ட இடம் எல்லாவற்றையும் மயிரை விலக்கிப் பார்க்க வேண்டும். சிவப்பு இருந்தால் அடுத்த நாள் வண்டி இல்லை.

மீதி நேரம் முழுவதும் வண்டிக்கு வெளியேதான் போகிறது, வேலையும் அங்கேதான் கூட. சலம், அதாவது சிறுநீர், தானாகப் போகாது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை அமத்தி எடுக்க வேண்டும். டொக்டர் என் கையைப் பிடித்துத்தான் காட்டித் தந்தார்: பின்தொடைகளுக்கு முன்னால், வயிற்றின் இரண்டு பக்கமும் விரல்களை விரித்து வைத்துத் தேடினால் தண்ணீர் நிறைந்த பலூன் மாதிரி ஒன்று வழுக்கும். அதை வால் பக்கமாக நிதானமாக அமத்த வேண்டும். வராவிட்டால் பலவந்தமாக அமத்தக் கூடாது. சலம் கலங்கலாக வந்தாலோ, வழமைக்கு மாறாக மணத்தாலோ, இரத்தம் கண்டாலோ அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். எழுத்தில் படித்துப் பழகாமல் கட்டாயம் வைத்தியரின் முன்னால் செய்து பழகுங்கள். வீட்டுக்குள் இழுத்துத் திரியும்போது நிலம் உரசாமல் இருக்கப் பரசூட் துணியில் இடுப்புக்குக் கீழே ஒரு பை தைத்துப் போட்டிருக்கிறேன், அது வண்டியை விட அதிகமாகப் பாவனையில் இருக்கிறது. படுக்கை மெத்தையில் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது பக்கம் மாற்றிப் படுக்க வைக்கிறோம். படுக்கைப் புண் வந்தால் இந்தச் சூட்டில் இலையான் மொய்த்துப் புழு வைக்க நேரம் எடுக்காது.

எஸ்லோன் பைப்பில், அதுதான் பிவிசி குழாயில், வீட்டிலேயே செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். செய்யலாம். சின்ன நாய்க்கும், இன்னும் வளர்கிற குட்டிக்கும் அதுதான் புத்தி, அளவு மாற மாறத் துண்டை மாற்றிக்கொள்ளலாம். பசை போடாமல் முதலில் பூட்டிப் பார்த்து, நாயை ஏற்றிப் பார்த்து, எல்லாம் சரி என்றால் மட்டும் ஒட்ட வேண்டும். 14 கிலோ நாய்க்கு நடுக்குழாய் வளைகிறது, மூட்டுகள் ஆடத் தொடங்குகின்றன. அதைப் பார்த்துத்தான் நாங்கள் அலுமினியத்துக்குப் போனோம். அமெரிக்காவில் லிங்கன் பார்க்ஸ் என்ற மிருக வைத்தியர் 1961 இலேயே நாய்களுக்கு வண்டி செய்யத் தொடங்கியிருக்கிறார். அங்கே ஒவ்வொரு நாய்க்கும் அளவெடுத்துச் செய்து கொடுக்கிறார்கள், நிலத்துக்கு ஏற்றபடி வேறு சக்கரமும் தருகிறார்கள். அதன் விலையும் அனுப்புகூலியும் எங்களுக்குக் கட்டாது. எங்கள் வெல்டிங் பட்டறைகளிலும் சைக்கிள் கடைகளிலும் இருக்கிற கைகளுக்கு இது கஷ்டமான வேலை இல்லை என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். மட்டக்களப்பில் யாராவது ஒருவர் முழு வண்டியையும் செய்து தர முன்வந்தால் இறக்குமதிப் பெட்டியை யாரும் தேட வேண்டியதில்லை.

பராமரிப்பில் கடைசியாக ஒன்று. சட்டம் கறள் பிடிக்காது, ஆனால் கூட வந்த போல்ற்று நட்டெல்லாம் சாதாரண இரும்பு. கடற்காற்றில் சீக்கிரமே சிவந்து, உயரத்தை மாற்ற முடியாமல் இறுகிவிட்டன. ஹார்ட்வெயார் கடையில் எவர்சில்வர் போல்ற்றுகள் வாங்கி எல்லாவற்றையும் மாற்றுங்கள். கடலில் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். கையில் மேலதிக ரியூப் ஒன்றும் ஒட்டுச் சாமானும் இருக்கட்டும். மணல் ஒழுங்கை ஓரமெல்லாம் நெருஞ்சி, மழை விட்டுக் காய்ந்த மாதங்களில் அந்த முள் டயரில் ஏறாத கிழமை இல்லை.